“அண்ணே, ஸ்டாண்டு!” - மரக்காணம் உப்பளச் சாலையில் ஸ்கூட்டர்காரர்கள் சொல்லும் நல்ல சேதி

பேர் தெரியாது, ஊர் தெரியாது. ஆனால் உயிரைக் காப்பாத்திட்டுப் போறாங்க!

மரக்காணம்:

விடியற்காலை மணி 4. கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரிகள் மட்டும் உறுமிக்கொண்டு போகின்றன. மரக்காணம் ஊருக்குள் டீக்கடை பாய்லர் மட்டும்தான் விழித்திருக்கிறது. கடை வாசலில் ஏழெட்டு வண்டிகள். டி.வி.எஸ். மொபெட்டுகள், கியர் இல்லாத ஸ்கூட்டர்கள், பெயின்ட் உரிந்து எந்தக் கம்பெனி என்றே தெரியாத ஒரு கிழட்டு வண்டி.

டீயைக் குடித்துவிட்டு நாமும் நம் ஸ்கூட்டரைக் கிளப்பினோம். ஊரின் கடைசி வீட்டைத் தாண்டியிருப்போம். பின்னாலிருந்து ஒரு மொபெட் விரட்டிக்கொண்டு வந்தது. ஓட்டியவர் ஐம்பது வயது ஆள். பின்னால் அவர் சம்சாரம். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை. மடியில் தூக்குவாளி.

“அண்ணே... ஸ்டாண்டு! ஸ்டாண்டு!”

கத்தியது அந்த அம்மாதான். குனிந்து பார்த்தால், சைடு ஸ்டாண்டு மடக்காமல் ஜம்மென்று நீட்டிக்கொண்டிருக்கிறது. காலால் தட்டி மடக்கினோம். நிமிர்ந்து ஒரு கும்பிடு போடுவதற்குள் மொபெட் உப்பளப் பாதையில் இறங்கி இருட்டில் மறைந்துவிட்டது.

பேர் தெரியாது. முகம்கூடச் சரியாகத் தெரியாது. நூறு அடி தள்ளி இடது பக்கம் ஒரு திருப்பம் இருந்தது. அது மட்டும் நன்றாகவே தெரிந்தது!

அன்று முழுவதும் இந்த ரோட்டில்தான் சுற்றினோம். ஸ்கூட்டர்காரர்களும் மொபெட்காரர்களும் ஒருத்தருக்கு ஒருத்தர் என்னதான் சொல்லிக்கொள்கிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டோம். கேட்டதையும் பார்த்ததையும் இங்கே தருகிறோம்.

ஒரு வார்த்தைதான்!

‘ஸ்டாண்டு’ என்பது சின்ன விஷயமா? இல்லவே இல்லை.

இடது பக்கம் வளையும்போது வண்டி இடது பக்கம்தான் சாயும். நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டாண்டு தரையில் இடிக்கும். முட்டுக் கொடுத்த மாதிரி வண்டி ஒரு எம்பு எம்பும். பின் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பினால், ஓட்டுகிறவர் கையில் ஒன்றும் இல்லை. தூக்கி எறிந்துவிடும். பின்னால் லாரி வந்தால் கதை அங்கேயே முடிந்தது.

மத்திய அரசு கணக்குப்படி 2022-ம் ஆண்டில் நாடு முழுவதும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம் பேர் இரு சக்கர வண்டியில் போனவர்கள். பஸ், லாரி, காரில் போனவர்கள், நடந்து போனவர்கள் எல்லாரையும் ஒரு பக்கம் வைத்தாலும், நூற்றுக்கு நாற்பத்து நாலு பேருக்கு மேல் நம் ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள்காரர்கள்தான்!

இப்போது வரும் வண்டிகள் பலவற்றில் சைடு ஸ்டாண்டு போட்டிருந்தால் என்ஜினே ஸ்டார்ட் ஆகாது. நல்ல ஏற்பாடு. ஆனால் உப்பளத்துக்குப் போகிற வண்டிகளில் பாதிக்கு மேல் பழசு. அங்கே ஸ்விட்சும் கிடையாது, சென்சாரும் கிடையாது. பின்னால் வருகிறவரின் தொண்டைதான் சென்சார்!

தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் இந்தப் பழக்கம் உண்டு. முன்னே போகிறவர் என்ன சாதி, என்ன கட்சி என்று யாரும் பார்ப்பதில்லை. நேற்று வாய்க்கால் தகராறில் சட்டையைப் பிடித்தவனாக இருந்தாலும், இன்று அவன் ஸ்டாண்டை எடுக்காமல் போனால், “யோவ், ஸ்டாண்டை எடுய்யா!” என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் போவான்.

எரியிற லைட்டுக்கு எச்சரிக்கை

இன்னொரு வேடிக்கை. பகல் 11 மணி வெயிலில் எதிரே வருகிறவர் நம்மைப் பார்த்து ஐந்து விரலையும் குவித்துக் குவித்து விரிக்கிறார். என்ன அர்த்தம்? “லைட்டு எரியுது, அணைங்க!”

இது பழைய காலத்துச் சைகை. அப்போது பகலில் ஹெட்லைட் எரிந்தால் பேட்டரி தீர்ந்துபோகும். பல்பு சீக்கிரம் போய்விடும். அதனால் பார்த்தவர் சொல்வார்.

இப்போது சட்டமே வேறு. 2017 ஏப்ரல் 1 முதல் தயாரான இரு சக்கர வண்டிகளில் என்ஜின் ஓடினாலே ஹெட்லைட் எரியும். பகலிலும் எரியும். அணைக்க ஸ்விட்சே கிடையாது. எதிரே வருகிறவர் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

ஆனால் நம் பெரியவர்கள் விடுவார்களா? புது ஸ்கூட்டர் வருகிறது, லைட்டு எரிகிறது, உடனே விரலைக் குவிக்கிறார்கள். எதிரே வருகிற பையனும் “இது தானா எரியிற லைட்டு தாத்தா” என்று நின்று விளக்கம் சொல்வதில்லை. சிரித்துவிட்டுத் தலையை ஆட்டுகிறான். தாத்தாவுக்கு ஒரு திருப்தி. பேரனுக்கு ஒரு சந்தோஷம். எச்சரிக்கை எப்போதோ பழசாகிவிட்டது. அக்கறை பழசாகவில்லை.

யக்கா, சேலை!

மூன்றாவது சேதி பெண்களுக்கு. “யக்கா, சேலை!” “பாப்பா, துப்பட்டா!”

பின் சீட்டில் ஒரு பக்கமாக உட்கார்ந்து போகும்போது முந்தானை பறந்து சக்கரத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்று விவரிக்க வேண்டாம். பத்திரிகையில் படிக்காதவர்கள் இல்லை.

இதற்காகவே மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் 123-வது விதி என்று ஒன்று இருக்கிறது. பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடி வேண்டும். கால் வைக்க இடம் வேண்டும். துணி சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு வேண்டும். இதைத்தான் நாம் ‘சாரி கார்டு’ என்கிறோம். அழகு கெடுகிறது என்று அதைக் கழற்றி வீட்டுப் பரணில் போடுகிற இளவட்டங்கள் கவனிக்க!

உப்பளத்துக்குப் போகிற பெண்கள் சேலைக்கு மேலே முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்கிறார்கள். வெயிலுக்கும் உப்புக்கும் அது கவசம். மொபெட்டில் ஏறினால் முந்தானைக்கும் அதுவே பூட்டு. ஒரே சட்டையில் இரண்டு லாபம்!

மேகம் இல்லே!

சரி, இவ்வளவு இருட்டில் இவர்கள் எங்கே போகிறார்கள்?

மரக்காணம் உப்பளம், தூத்துக்குடி, வேதாரண்யம் வரிசையில் தமிழ்நாட்டில் பேர் பெற்ற உப்பளம். விழுப்புரம் மாவட்டத்தின் கடலோரம். ரோட்டிலிருந்து பார்த்தால் கண்ணுக்கு எட்டிய மட்டும் பாத்தி பாத்தியாகத் தண்ணீர். நடுநடுவே வெள்ளைக் குவியல்.

வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் நிற்க முடியாது. மேலே சூரியன், கீழே தண்ணீரிலிருந்து அடிக்கிற கூச்சம். ஆகவே விடியும் முன்பே இறங்கி, வெயில் கடுக்கும் முன்பே கரை ஏறப் பார்க்கிறார்கள். அந்த நேரத்துக்கு பஸ் கணக்கு ஒத்துவருவதில்லை. மொபெட்தான் துணை. புருஷன், பெண்சாதி, வாரும் பலகை, கூடை, தண்ணீர் கேன், தூக்குவாளி, அத்தனையும் ஒரே வண்டியில்!

இவர்கள் டீக்கடையில் வண்டியை நிறுத்தியதும் முதலில் பார்ப்பது செல்போனை அல்ல. வானத்தை!

“மேகம் இல்லேண்ணே.”

இதுதான் இங்கே நாளின் முதல் நல்ல சேதி. மற்ற ஊரில் மழை வந்தால் சந்தோஷம். இங்கே கோடையில் மழை வந்தால் கண்ணீர். கடல் தண்ணீரின் அடர்த்தி, ‘டிகிரி’ கணக்கில் 3-க்குச் சற்று மேல்தான். அதைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் வற்ற வைத்து, 25 டிகிரி பக்கம் வரும்போதுதான் உப்பு பூக்கும். அதற்கு நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒரு அரை மணி நேர மழை போதும். அத்தனையும் கரைந்து பழையபடி முதல் பாத்திக்குப் போக வேண்டியதுதான்.

அதனால் தெற்கே கூனிமேடு, அனுமந்தை பக்கத்திலிருந்து வருகிறவர், “அங்கே தூறல் கூட இல்லே” என்று சொன்னால் டீக்கடையே நிம்மதியாக மூச்சு விடுகிறது. வானிலை அறிக்கை டி.வி.யில் வருகிறது, செல்போனிலும் வருகிறது. ஆனால் அந்த ரோட்டில் இப்போதுதான் வண்டி ஓட்டி வந்தவர் சொன்னால், அது தனி நம்பிக்கை. சட்டை நனைந்திருக்கிறதா, இல்லையா? அதுதானே அத்தாட்சி!

வேறு சேதிகளும் உண்டு. “கழுவெளியில பூநாரை வந்திருக்குது.” இது பள்ளிக்கூடப் பிள்ளையை ஏற்றிப் போகிறவர் சொல்லும் சேதி. கழுவெளி ஏரியை 2021 டிசம்பரில் அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. சீசனில் தூரத்தில் ரோஜா நிறத்தில் கூட்டமாக நிற்கும். வண்டியை ஓரம் கட்டி, பின்னால் இருக்கிற பிள்ளைக்கு ஒரு நிமிஷம் காட்டிவிட்டுப் போகிறார்கள். ஸ்கூலுக்கு ஒரு நிமிஷம் லேட். போகட்டுமே!

உமணர் காலத்து ஸ்டெப்னி

உப்புக்கும் வண்டிக்கும் உள்ள சொந்தம் இன்று நேற்று வந்ததல்ல.

சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்பது ஆராய்ச்சிக்காரர்கள் பலரின் கருத்து. சங்க காலத்தில் உப்பு விற்றவர்களுக்கு உமணர் என்று பெயர். மாட்டு வண்டிகளில் உப்பை ஏற்றி, வரிசையாக உள்நாட்டுக்குக் கிளம்புவார்கள். மேடு, பள்ளம், காடு. வழியில் அச்சு முறிந்தால் யாரைக் கூப்பிடுவது?

அதனால் வண்டிக்கு அடியில் கூடுதலாக ஒரு அச்சைக் கட்டிக்கொண்டு போவார்கள். அதற்குப் பெயர் ‘சேம அச்சு’. புறநானூறு 102-வது பாட்டில் ஔவையார் இதைச் சொல்கிறார். அதியமானின் மகன் பொகுட்டெழினி அந்தச் சேம அச்சு மாதிரி ஆபத்துக்கு உதவுகிறவன் என்று புகழ்கிறார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஸ்டெப்னி!

பிறகு வெள்ளைக்காரன் காலத்தில் பக்கிங்ஹாம் கால்வாய் வந்தது. ஆந்திராவிலிருந்து சென்னை வழியாகக் கடலோரமாகவே வந்து, மரக்காணம் பக்கத்தில் முடிகிற கால்வாய். உப்பும் விறகும் படகில் சென்னைக்குப் போயின. சேதியும் படகிலேயே வந்தது. படகு நின்றது, சைக்கிள் வந்தது. சைக்கிள் போய் மொபெட் வந்தது.

ஸ்டெப்னி கட்டிய வண்டிகள் இப்போது குறைவு. புது ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் ஸ்டெப்னியே கிடையாது. ஆனால் பஞ்சர் ஆகி நிற்கிற வண்டியைப் பார்த்தால் இந்த ரோட்டில் ஒருத்தராவது நிறுத்திக் கேட்கிறார்: “இன்னாண்ணே, பஞ்சரா? ஏறு, கடைக்கு வுட்டுடறேன்.” இன்னும் சிலர் பின்னாலிருந்து ஒரு காலால் நம் வண்டியின் ஃபுட்ரெஸ்ட்டை உதைத்துத் தள்ளிக்கொண்டே வருவார்கள். பார்க்க உதவிதான். ஆனால் ஆபத்து; செய்யாதீர்கள். ஏற்றிக்கொண்டு போவதே நல்லது.

காத்திருந்த காலம்

“ஸ்கூட்டர் வந்துடுச்சு!”

இந்த ஒரு வார்த்தைக்கு ஒரு காலத்தில் எத்தனை மதிப்பு! இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள்.

1960-ல் மத்திய அரசு ஸ்கூட்டர் விற்பனைக்கே ஒரு கட்டுப்பாட்டு உத்தரவு போட்டது. ஆசைப்பட்டவர் கடைக்குப் போய் வாங்க முடியாது. பணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். வரிசையில் காத்திருக்க வேண்டும். ஒரு மாசம், இரண்டு மாசம் அல்ல. வருஷக் கணக்கில்! 1972-ல் வந்த பஜாஜ் சேட்டக்குக்குப் பத்து வருஷம் வரை காத்திருந்தவர்கள் உண்டு. கல்யாணத்துக்கு முன்பு பதிவு செய்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வண்டி வந்த குடும்பங்கள் எத்தனையோ!

வண்டி வந்த அன்று தெருவே கூடும். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், ஹேண்டில்பாருக்குப் பூமாலை, விளக்குக்கு மேலே சந்தனம் குங்குமம். பக்கத்து வீட்டுக்கு லட்டு. பெட்ரோல் டேங்கில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் இடது பக்கம் ஒரு சாய்ப்பு சாய்த்து உதைக்க வேண்டும். அந்தச் சாய்ப்புக்கு ஏன், எதற்கு என்று கேட்கக்கூடாது. எல்லாரும் சாய்த்தார்கள், நாமும் சாய்த்தோம்!

1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. இரண்டு பேர் உட்காரக்கூடிய முதல் இந்திய மொபெட். விலையும் கைக்கு அடக்கம். வயல்காரர், பால்காரர், மீன்காரர், வாத்தியார் என்று ஒருவர் விடாமல் வாங்கினார்கள். பெட்ரோல் தீர்ந்தால் பெடலை மிதித்தே வீடு வந்து சேர்ந்தவர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

1984-ல் கைனடிக் ஹோண்டா வந்தது. கியர் இல்லை, பட்டனை அமுக்கினால் போதும். 1994-ல் ஸ்கூட்டி. 2001-ல் ஆக்டிவா. பிறகு சேட்டக் உற்பத்தி நின்றது. அதே பெயரில் மின்சார ஸ்கூட்டர் 2019-ல் அறிமுகமானது. பத்து வருஷம் வரிசையில் நின்ற வண்டிக்கு இப்போது பிளக்கில் சார்ஜ்!

உப்புக் காத்து

இந்தக் கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவருக்குத் தனிக் கவலை ஒன்று உண்டு. துரு!

உப்பு, காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்து இரும்பின் மேலேயே வைத்துக்கொள்ளும். உப்புத் தண்ணீரில் துரு வேலையும் மின்னல் வேகத்தில் நடக்கும். வாங்கி மூன்று வருஷத்தில் சைலன்சரில் ஓட்டை. மட்கார்டு அடியில் இற்றுப்போகும். ஸ்போக்ஸ் ஒன்று ஒன்றாகப் பட்டென்று போகும். சென்னைக்காரர் பத்து வருஷம் ஓட்டுகிற வண்டி இங்கே ஐந்து வருஷத்தில் கிழவியாகிவிடும்.

அதனால்தான் இங்கே காலையில் வண்டி முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆனால் அது ஒரு நல்ல சகுனம். “இன்னிக்கு ஒரே கிக்கு!” என்று டீக்கடையில் வந்து சொல்கிறார்கள். கேட்கிறவரும் “பரவால்லியே!” என்று மெய்யாகவே சந்தோஷப்படுகிறார். உப்புக் காற்றில் வண்டி வைத்திருக்கிறவருக்குத்தானே அதன் அருமை தெரியும்!

மெக்கானிக்குகள் சொல்லும் யோசனை இது. உப்பளம் போய் வந்த வண்டியை அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். உப்புத் தண்ணீரில் கழுவினால் கழுவாததே மேல். கழுவியதும் துணியால் ஒற்ற வேண்டும். செயினுக்கு ஆயில் விட வேண்டும். மட்கார்டு அடியில் பெயின்ட் உரிந்த இடத்தை உடனே மூட வேண்டும். எண்ணெய் பூசுகிறவர்கள் பிரேக் பக்கம் ஒரு சொட்டுகூடப் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். துருவுக்குப் பயந்து பிரேக்கைப் பறிகொடுக்கக் கூடாது!

சாவி பெண்கள் கையில்

முன்பெல்லாம் பெண்களுக்குப் பின் சீட்டுதான். இப்போது நிலைமை மாறிவிட்டது. திண்டிவனம் ரோட்டில் முருக்கேரி பக்கமாகவும், கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் காலை 8 மணிக்கு நின்று பாருங்கள். டீச்சர், நர்ஸ், ஜவுளிக்கடைப் பெண், கல்லூரி மாணவி என்று ஸ்கூட்டரில் சாரை சாரையாகப் போகிறார்கள்.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் என்று மானியம் கொடுக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2018 பிப்ரவரி 24-ல் தொடங்கியது. 2021-ல் ஆட்சி மாறிய பிறகு அது கைவிடப்பட்டது. அதே 2021 மே மாதத்தில் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. எது மேல் என்று டீக்கடையில் கட்சி கட்டிக்கொண்டு பேசுவார்கள். நமக்கு அந்த வம்பு வேண்டாம். ஒன்று மட்டும் சொல்கிறோம். ஒரு வீட்டில் ஒரு பெண் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டால் அது அந்தத் தெருவுக்கே சேதி. “அக்கா தனியா மார்க்கெட் வரைக்கும் ஓட்டிட்டு வந்துட்டாங்க!” என்று சின்னப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வந்து ஊருக்கெல்லாம் சொல்கிறார்கள்.

பாஸ்! பாஸ்!

எல்லாவற்றிலும் பெரிய சேதி மே மாதத்தில் வருகிறது. பிளஸ் டூ ரிசல்ட்!

உப்பளத்தில் உச்ச சீசன் அப்போதுதான். அம்மா பாத்தியில் நிற்கிறாள். கையெல்லாம் உப்புத் தண்ணீர். செல்போனை எடுத்துப் போக முடியாது. வரப்பில் தூக்குவாளிப் பையில் கிடக்கும். மணி அடித்தாலும் காதில் விழாது.

அப்புறம் என்ன? தம்பியோ மாமாவோ மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். உப்பளப் பாதையில் வேகமாகப் போக முடியாது. மண் இளகல். இரண்டு பக்கமும் தண்ணீர். ஹாரனை அமுக்கிக்கொண்டே போகிறார்.

அந்த நேரத்தில் உப்பளத்துக்குள் ஹாரன் சத்தம் கேட்டால் எல்லாரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள். யார் வீட்டுக்கு? துக்கச் சேதியா, நல்ல சேதியா? வண்டி வரும்போதே கையை உயர்த்திக் காட்டிவிட வேண்டும். அது இங்கே எழுதப்படாத சட்டம். இல்லாவிட்டால் வருகிற வரைக்கும் அந்தத் தாய்க்கு உயிர் இருக்காது.

“பாஸ்! பாஸ்!”

தலையில் உப்புக் கூடையோடு வரப்பில் வந்த அம்மா அப்படியே நிற்கிறாள். பக்கத்துப் பாத்திக்காரிதான் கூடையை இறக்கி வைக்கிறாள். மார்க் எவ்வளவு என்று கேட்பதெல்லாம் அப்புறம்தான். உப்புக் கையால் கண்ணைத் துடைக்கக் கூடாது என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் துடைத்துக்கொள்கிறார்கள். எரிகிறது. சிரிக்கிறார்கள்.

மழைக்காலச் சேதி

அக்டோபர் வந்தால் உப்பளம் தூங்கிவிடும். வடகிழக்கு மழை முடிந்து ஜனவரி பிறந்தால்தான் திரும்பவும் பாத்தி கட்டுவார்கள். நடுவில் மூன்று மாசம் கூலி கிடையாது. அந்த மாசங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணத்தை அரசு 2022-ல் கொடுக்கத் தொடங்கியது. “பணம் ஏறிடுச்சாம்” என்று ஒருத்தர் வண்டியை நிறுத்திச் சொன்னால் போதும். சாயங்காலத்துக்குள் உப்பளக் குடியிருப்பு முழுக்கத் தெரிந்துவிடும்.

இதே மாசங்களில்தான் புயலும் வருகிறது. 2011 டிசம்பர் 30-ல் தானே. 2020 நவம்பர் 25 இரவு நிவர், புதுச்சேரிக்கு வடக்கே இந்தக் கரையோரமாகவே கடந்தது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல். கரென்ட் போய், டவர் போய், செல்போன் வெறும் டார்ச் லைட்டாகிவிடும். அப்போது ஊருக்கு ஊர் சேதி கொண்டுபோவது மொபெட்தான். “திண்டிவனம் ரோட்டுல மரத்தை எடுத்துட்டாங்க.” “பங்க்குல பெட்ரோல் இருக்குது.” “உங்க அண்ணன் வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்க.” இந்த மூன்றாவது சேதிக்கு என்ன விலை கொடுக்க முடியும்?

இது நல்ல சேதி இல்லே!

கடைசியாக ஒரு கண்டிப்பு.

எதிரே வருகிறவர் லைட்டை அணைத்து அணைத்துப் போட்டால், சில நேரம் அதற்கு வேறு அர்த்தம். “முன்னாடி செக்கிங், ஹெல்மெட்டை மாட்டு!” உடனே பெட்ரோல் டேங்க் மேலே, முழங்கையில், ஹேண்டில்பாரில் தொங்குகிற ஹெல்மெட் எல்லாம் தலைக்கு ஏறுகிறது. செக்கிங்கைத் தாண்டினதும் திரும்பவும் முழங்கைக்கு!

ஐகோர்ட்டு உத்தரவுப்படி தமிழ்நாட்டில் ஹெல்மெட் கட்டாயம் என்று 2015 ஜூலை 1 முதல் கண்டிப்பாக அமலானது. முழங்கைக்கு அல்ல, தலைக்கு. ஸ்டாண்டைச் சொல்கிறவர் உயிரைக் காப்பாற்றுகிறார். செக்கிங்கைச் சொல்கிறவர் அபராதத்தை மட்டும்தான் காப்பாற்றுகிறார். “தம்பி, வாரை மாட்டு” என்று சொல்லுங்கள். அதுதான் நல்ல சேதி.

கடன் தீர்ந்தது

சாயங்காலம் 5 மணி. வேலையை முடித்துக்கொண்டு புதுச்சேரி பக்கம் திரும்பினோம். காலையில் பார்த்த மொபெட் தம்பதியைத் திரும்பவும் பார்த்துவிடலாம் என்று டீக்கடையில் அரை மணி நேரம் காத்திருந்தோம். வரவில்லை. வந்திருந்தாலும் அடையாளம் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

கூனிமேடு தாண்டியிருப்போம். முன்னே ஒரு பையன். புது ஸ்கூட்டர் அல்ல. அப்பாவின் பழைய வண்டி போலிருக்கிறது. பின்னால் தங்கச்சி, மடியில் ஸ்கூல் பை. இடது பக்கம்...

வேகத்தைக் கூட்டிப் பக்கத்தில் போனோம்.

“தம்பி... ஸ்டாண்டு! ஸ்டாண்டு!”

பையன் டக்கென்று காலால் தட்டினான். தங்கச்சி திரும்பிப் பார்த்து, “தேங்க்ஸ் மாமா!” என்று கையை ஆட்டியது.

நாளைக்கு அந்தப் பையன் வேறு யாருக்காவது சொல்வான். நீங்களும் இன்று ஆபீசிலிருந்து, கடையிலிருந்து வீடு திரும்பும்போது முன்னே போகிற வண்டியை ஒரு பார்வை பாருங்கள். அதற்கு முன்னே குனிந்து உங்கள் ஸ்டாண்டையும் ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள்!